யாருடைய தோளுக்கு இந்த வில்?

வில்வித்தையைப் பொழுதுபோக்காகப் பயில முன்வரும் எவரும் எதிர்கொள்ளும் முதற்கேள்வி, "எத்தனை பவுண்டு வில்?" என்பது. கேட்பவர் கடைக்காரராக இருக்கலாம். சக மாணவராக இருக்கலாம். காணொளியில் பேசும் முகமறியா வல்லுநராகவும் இருக்கலாம். கேள்விக்குள் இருக்கும் அறைகூவல் ஒன்றே: எவ்வளவு வலுத்த வில்லை உன்னால் இழுக்க முடியும்? கேள்வியே பிழையானது. அதற்குப் பெருமிதத்தோடு தரப்படும் விடை, புதிதாகப் பயில வருபவரின் தோளையும் பணத்தையும் ஆர்வத்தையும் ஒருசேரக் கெடுக்கிறது. பயில வருபவர் தேடவேண்டியது தம் உடலுக்கு இசைந்த மெல்லிய வில்லை. அதைத் தேடவிடாமல் தடுப்பவை மூன்று: வீரக் கற்பனை, மரபுப் பெருமை, பதக்க வெறி. மூன்றும் கல்விக்கூடங்களுக்குள்ளேயே குடிகொண்டிருப்பதால் கல்விக்கூடத்தாரிடமே இவ்வழக்கை வைக்கவேண்டியிருக்கிறது.

சாமராஜநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலம் இன்று இங்கே உள்ளது. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் இங்கு உண்டு. தமிழின் 'வில்' கன்னடத்தில் 'பில்லு' ஆகிறது. சொல்லின் முதலில் நிற்கும் வகரம் கன்னடத்தில் பகர ஒலியாக மாறுவது திராவிட மொழியியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அதே 'பில்லு' பேச்சுவழக்கில் கடைக்காரர் நீட்டும் ரசீதுக்கும் பெயர். தமிழில் 'வில்' என்பது கருவியைக் குறிக்கும். 'விற்பனை செய்' என்று ஏவும் வினையும் அதுவே. இவை தற்செயலான ஒப்பொலிகள்தாம். ஆயினும் வில்வித்தைச் சந்தையின் இயல்பை இவ்விரு சொற்களும் கூறிவிடுகின்றன. சந்தையின் காதில் பெயர்ச்சொல் விழுவதில்லை. ஏவல் மட்டுமே விழுகிறது.

சந்தையை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. அது விற்கும் கற்பனையை அதற்குக் கொடுத்தவர்கள் நாம்தான். இந்திய மனத்தில் வில் என்றதும் எழும் காட்சி மணமண்டபத்துக் காட்சி. பிறரால் அசைக்கவும் முடியாத வில்லை ஒருவன் எடுக்கிறான், வளைக்கிறான், அது முறிந்தே போகிறது. அல்லது பிறரால் நாணேற்ற முடியாத வில்லில் நாணேற்றி ஒருவன் இலக்கை வீழ்த்துகிறான். இரு காப்பியங்களிலும் வில் ஆண்மையை அளக்கும் தராசாக நிற்கிறது. கதைக்கு அது பொருந்தும். ஆனால் அந்தத் தேர்வு வாழ்நாளில் ஒருமுறை நிகழ்வது. பொழுதுபோக்காகப் பயில்பவர் ஒரே மாலையில் நூறுமுறை நாணை இழுக்கிறார். கணக்கு இவ்வளவுதான்: 40 பவுண்டு என்பது ஏறத்தாழ 18 கிலோ. நூறு அம்புகளுக்குத் தோள் சுமப்பது ஏறத்தாழ 1,800 கிலோ. 20 பவுண்டு வில்லில் அது பாதியாகும். முதல் மாதத்திலேயே முதல் வகைச் சுமையைத் தோளில் ஏற்றுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, அது தண்டனை.

வலுத்த வில்லை இழுக்க முடியாத உடல் என்ன செய்கிறது என்பதை எந்தப் பயிற்சித் திடலிலும் காணலாம். வில்லைத் தாங்கும் தோள் காதை நோக்கி உயர்கிறது. முதுகு செய்யவேண்டிய வேலையை முன்கையும் கழுத்தும் செய்கின்றன. இடுப்பு பின்னோக்கி வளைகிறது. நாண் தாடையைத் தொட்டு நிலைபெறும் முன்னரே விரல்கள் அதை விட்டுவிடுகின்றன. இலக்கைப் பார்த்தவுடன் பதறி விடும் பழக்கம் இப்படித்தான் வேர்கொள்கிறது. ஒருமுறை வேர்கொண்டால் அதைக் களைய நெடுங்காலம் ஆகும். இழுத்த நாணைப் பத்து நொடி நடுங்காமல் நிறுத்த இயலவில்லை என்றால் அந்த வில் இன்னும் அவருடைய வில் ஆகவில்லை.

பவுண்டு என்னும் எண்ணே முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதையும் விளக்கியாக வேண்டும். ரிகர்வ் வில்லின் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எண், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது தேவைப்படும் விசை. எல்லாருடைய இழுவையும் 28 அங்குலம் அன்று. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் ஒருவரின் இழுவை நீளம் தோராயமாகக் கிடைக்கும். விரித்த கை 180 செ.மீ. என்றால் இழுவை ஏறத்தாழ 28 அங்குலம், 155 செ.மீ. என்றால் ஏறத்தாழ 24½ அங்குலம். இத்தகைய வில்களில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். எனவே 24 பவுண்டு என்று அச்சிட்ட ஒரே வில், முன்னவர் கையில் 24. பின்னவர் கையில் 17. இருவரையும் நிறுத்தி எத்தனை பவுண்டு என்று போட்டி வைப்பவர் உண்மையில் கைகளின் நீளத்தையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

வளர்ந்த ஒருவர் தொடங்குவதற்கு 16 முதல் 24 பவுண்டு வரையிலான ரிகர்வ் வில் போதும். மெலிந்த உடலினர் அதற்கும் கீழே தொடங்கலாம். 18 மீட்டர் தொலைவில் வைத்த இலக்கில் அம்பு தைக்க இவ்விசை போதுமானது. "நாளைக்கே வலிமை கூடிவிடுமே, இப்போது மெல்லிய வில் வாங்குவது வீண்செலவல்லவா?" என்ற மறுப்பு உடனே எழும். கழற்றிப் பூட்டும் ரிகர்வ் வில் இம்மறுப்பைச் செல்லாததாக்கிவிட்டது. நடுவிலுள்ள பிடி, அதாவது ரைசர், அப்படியே இருக்கும். மேலும் கீழும் உள்ள இரு லிம்புகளை மட்டும் மாற்றினால் வில்லின் விசை மாறும். வெவ்வேறு நிறுவனங்களின் ரைசரும் லிம்பும் ஒன்றோடொன்று பொருந்தும் பொது அமைப்பும் பரவலாக உள்ளது. நண்பர் நால்வர் சேர்ந்தால் லிம்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

மிஞ்சும் பணம் அம்புக்குச் செல்லட்டும். வில்லைப் பற்றிப் பேசும் வாய்கள் அம்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. நாண் உந்தும் கணத்தில் அம்பு நேராகப் பாய்வதில்லை. வளைந்து நெளிந்து வில்லைக் கடந்து, பிறகே நேராகிறது. அம்பின் விறைப்பு வில்லின் விசைக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த வில்லும் அதை வலப்புறமோ இடப்புறமோ தள்ளும். நீளம் குறைந்த அம்பு அதைவிடக் கொடியது: முழுதாக இழுக்கையில் அது தாங்கியிலிருந்து உள்ளே சரிந்தால், வில் பிடித்த கையிலேயே பாயக்கூடும். ஆகையால் தொடங்குபவரின் அம்பு அவருடைய இழுவையைவிடச் சற்று நீண்டே இருக்கவேண்டும். விரலுறையும் முன்கைக் காப்பும் அலங்காரங்கள் அல்ல. அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்துவிட்டு ஓசை கேட்டு மகிழ்வது வில்லை முறிக்கும் வழி; அம்புக்குப் போகவேண்டிய ஆற்றல் முழுவதையும் அப்போது லிம்புகளே வாங்கிக்கொள்கின்றன.

வீரக் கற்பனையை விட்டவர்கள் சிலர் அடுத்ததாக மரபுப் பெருமையில் அகப்படுகிறார்கள். "காம்பவுண்ட் வில் எந்திரம், மூங்கில் வில்லே நம் வில்" என்ற முழக்கம் கருத்தரங்க மேடைகளில் கைதட்டல் பெறும். சேரர் கொடியில் வில் இருந்தது உண்மை. நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் நிற்பது உண்மை. 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய படையில் தலக்கல் சந்துவின் கீழ் வயநாட்டுக் குறிச்சியர் வில்லோடு நின்றது உண்மை. இவ்வுண்மைகளில் எதுவும் இன்று குண்டலுப்பேட்டையில் ஒரு மாணவி எந்த வில்லை எடுக்கவேண்டும் என்று கூறவில்லை. யார் செய்தது, எத்தனை பவுண்டு இழுக்கும், எங்கே விரிசல் உள்ளது என்று தெரியாத மூங்கில் வில்லைப் பண்பாட்டின் பெயரால் அவள் கையில் திணிப்பது பண்பாட்டுக்கும் நன்மை செய்யாது. தேர்ந்த கைவினைஞர் செய்து, விசை அளந்து தந்த மூங்கில் வில் இனியது; அதை விரும்பித் தேர்ந்தால் மகிழ்ச்சி. தீபிகா குமாரி சிறுவயதில் மூங்கில் வில்லோடு பயின்றவர். பின்னர் நவீன ரிகர்வ் வில்லுக்கு மாறியவர். அந்த மாற்றத்தில் அவர் இழந்த மரபு எது என்பதை முழக்கமிடுவோர் சொல்லவேண்டும்.

காம்பவுண்ட் வில்லை இழிவாகப் பேசுவோர் இன்னொருவரையும் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இரு முனைகளிலும் சுழலும் உருளைகள் இருப்பதால், முழுதாக இழுத்த நிலையில் தாங்கவேண்டிய சுமை பெருமளவு குறைகிறது. இரு கைகளும் இன்றிப் பிறந்த சீதல் தேவி, காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் துணையால் அம்பை விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். மனிதர் வில்லுக்கு ஏற்பத் தம்மை முறித்துக்கொள்ளவேண்டும் என்பது காப்பிய நியாயம். வில்லை மனிதருக்கு ஏற்ப அமைக்கலாம் என்பதற்கு அவருடைய பதக்கம் சான்று. எந்திரம் என்று சிரிப்பவர்கள் அந்தப் பதக்கத்தையும் பார்த்துச் சிரிப்பார்களா?

காம்பவுண்ட் வில்லைப் பொதுப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று சொல்ல வேறொரு காரணம் இருக்கிறது. அது நேர்மையான காரணம். ஒவ்வொரு காம்பவுண்ட் வில்லும் அதன் உரிமையாளரின் இழுவை நீளத்துக்கு அமைக்கப்படுகிறது. கை நீளம் வேறுபடும் இருபது பேர் மாறி மாறி எடுக்க அது வசதிப்படாது. ரிகர்வ் வில் அப்படியன்று. இழுத்த அளவுக்கு வளைந்துகொடுக்கும். ஆகவே தனியொருவர் தமக்கென வாங்கினால் எதையும் தேரலாம். வளாகம் பொதுவில் வாங்கினால் ரிகர்வ் வாங்கலாம். இப்படிப் பயனிலிருந்து எழும் வாதங்களே வில் தேர்வுக்குத் தேவை.

ஏகலைவனின் கட்டைவிரல் பற்றி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஒலிம்பிக் ரிகர்வ் முறையில் நாணைச் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றும் இழுக்கின்றன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. இன்றைய ஏகலைவனிடம் யாரும் விரலைக் கேட்கவேண்டியதில்லை. "உன்னால் 40 பவுண்டு இழுக்க முடியுமா?" என்று கேட்டாலே அவன் திரும்பிப் போய்விடுவான். ரசீதின் தொகையைக் காட்டினால் இன்னும் விரைவில் போய்விடுவான். விலக்கலைப் பற்றி எழுதும் கல்விப்புலம் இந்தப் புதிய விலக்கலைத் தன் திடலிலேயே காணத் தவறுகிறது.

சாமராஜநகர் மாவட்டத்தில் வீரக் கற்பனைக்கு மற்றொரு விலையும் உண்டு. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட காடுகளுள் பந்திப்பூரும் ஒன்று. பிளிகிரி ரங்கசாமி மலைக்காடு 1974இல் சரணாலயமாகி, 2011இல் புலிகள் காப்பகமானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதை வரையறுக்கையில் துப்பாக்கி, வெடிபொருள், வலை, நஞ்சு, கண்ணி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர்சொல்லியே குறிக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து வழி முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. காட்டோரத்தில் வில்லோடு திரிந்து "வேட்டுவ வாழ்வை" உணர நினைக்கும் நகரத்து ஆர்வலர், தம் பொழுதுபோக்குக்கும் சட்டமீறலுக்கும் இடையிலுள்ள கோட்டைக் கடந்துவிட்டார். திடலில் வைத்த இலக்கு, அதன் பின்னே அம்பைத் தடுக்கும் மண்மேடு, ஒரே எய்தல் கோடு: பொழுதுபோக்கின் எல்லை இதுதான்.

காட்டில் வாழ்வோரை எல்லாம் வில்லேந்திய வேடராகக் கற்பனை செய்வதும் இதே நோயின் மறுமுகம். பிளிகிரி மலையின் சோளகர் தேன் எடுப்பதற்கும் நெல்லி முதலிய காட்டு விளைபொருள் திரட்டுவதற்கும் மலைப்புன வேளாண்மைக்கும் அறியப்பட்டவர்கள். காட்டின்மீது அவர்களுக்குள்ள சமூக உரிமைகள் 2011இல் ஏற்கப்படும் வரை அவர்கள் நடத்திய போராட்டம் மிக நீண்டது. அவர்களைக் கண்டதும் "உங்கள் பாரம்பரிய வில் எங்கே?" என்று கேட்கும் ஆராய்ச்சியாளர், எதிரிலிருக்கும் மனிதரைப் பார்க்காமல் தம் கற்பனையின் படத்தைத் தேடுகிறார்.

வில்லுக்கு வலிமையோடு தொடர்பே இல்லாத பொருளும் இருக்கமுடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. பந்திப்பூரைக் கடந்து முதுமலை வழியே ஏறினால் நீலகிரி. அங்கே தோடர்களிடையே, கருவுற்ற பெண்ணுக்கு ஓர் ஆண் சிறு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கு உண்டு. அளிப்பவரே பிறக்கும் குழந்தையின் தந்தையாகச் சமூகத்தால் ஏற்கப்படுவார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிந்தார். எருமை மேய்க்கும் தோடருக்கு வில் வேட்டைக் கருவியன்று. அந்த வில்லை யாரும் வளைத்துக் காட்டவேண்டியதில்லை. அது உறவை ஏற்கும் கை. வில் என்றாலே வீரம் என்று எழுதுவோர் இந்தச் சிறு வில்லுக்கு முன் சற்று நிற்கவேண்டும்.

மூன்றாவது தடை பதக்கம். நம் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்றால் போட்டி. போட்டி என்றால் சான்றிதழ். சான்றிதழ் என்றால் ஒதுக்கீடு. 70 மீட்டர் தொலைவில் 122 செ.மீ. இலக்கை எய்யும் ஒலிம்பிக் வீரருக்கு வளாகம் வணக்கம் சொல்லும். 18 மீட்டரில் மாலை ஒரு மணி நேரம் மகிழ்ந்து எய்யும் நூலக உதவியாளருக்கு அங்கே இடமில்லை. எந்தப் படிவத்திலும் அவருக்கான கட்டம் இல்லை. பூட்டானைப் பார்க்கலாம். வில்வித்தை அங்கே தேசிய விளையாட்டு. ஏறத்தாழ 145 மீட்டர் தொலைவில் சிறு மரப்பலகை இலக்கு. அம்பு தைத்தால் அணியினர் பாடி ஆடுகிறார்கள். எதிரணியினர் கேலி செய்கிறார்கள். மூங்கில் வில்லும் உண்டு, காம்பவுண்ட் வில்லும் உண்டு. அலுவலரும் உழவரும் அங்கே எய்கிறார்கள். ஒரு கலை உயிரோடிருக்க வெல்பவர்கள் மட்டும் போதாது. தோற்றாலும் மறுநாள் வருபவர்கள் வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இது தனிப்பட்ட அளவிலும் பொருந்தும். முனைவர்ப் பட்ட ஆய்வில் இன்று செய்த வேலை சரியா தவறா என்பது தெரிய ஐந்தாண்டு ஆகலாம். சிலருக்கு அதன் பிறகும் தெரிவதில்லை. அம்பின் விடை ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. தவறியது என்றால் காரணம் அருகிலேயே கிடைக்கும்: தோள் உயர்ந்தது, விரல் பிடித்தது, மனம் முந்தியது. திருத்திக்கொண்டு அடுத்த அம்பை எடுக்கலாம். நெறியாளரின் கையொப்பம் தேவையில்லை. உட்கார்ந்தே கழியும் நாட்களில் நிமிர்ந்து நின்று மூச்சை நிதானப்படுத்தும் ஒரு மணி நேரம் எவ்வளவு அரியது என்பதை ஆய்வேடு எழுதும் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் வில்லே மற்றுமொரு தேர்வாகிவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் பறிபோகும். மெல்லிய வில் வேண்டும் என்பதற்கு இறுதிக் காரணமும் இதுவே: கருவியோடு மல்லுக்கு நிற்பவரால் எய்தலை அனுபவிக்க முடியாது.

ஒரு வளாகம் செய்யவேண்டியது பெரிதன்று. 18 மீட்டர் நீளமும் அதற்குப் பின்னே ஆள்நடமாட்டமில்லாத பாதுகாப்பு வெளியும் கொண்ட மூலை, உயர்ந்த மண்மேடு, ஆறு ரைசர்கள், 14 முதல் 24 பவுண்டு வரை பல இணை லிம்புகள், நீண்ட அம்புகள் சில கட்டு, வலக்கையாளர், இடக்கையாளர் இருவருக்கும் வில், முறையாகப் பயின்ற ஒரு பயிற்றுநர். விதிகள் மூன்று போதும்: எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பது, ஊதல் ஒலிக்கும் முன் அம்பு தொடுக்காமை, எல்லா அம்புகளும் எய்து முடியும்வரை யாரும் கோட்டைத் தாண்டாமை. வில்லை வழங்கும் முன் கேட்கவேண்டியவை இரண்டு. விரித்த கை எத்தனை செ.மீ.? இரு கண்களுள் முந்திப் பார்க்கும் கண் எது? இவற்றுக்கு விடை சொல்லப் பாலும் உடற்கட்டும் சாதியும் வகுப்பும் தேவையில்லை. ஓர் அளவுநாடா போதும்.

சாமராஜநகரிலோ சத்தியமங்கலத்திலோ ஒரு கல்லூரி இதைச் செய்யுமானால் அங்கிருந்து ஒலிம்பிக் வீரர் வராமல் போகலாம். வராவிட்டால் என்ன? வேதியியல் படிக்கும் மெலிந்த பெண்ணும் ஓய்வை நெருங்கும் ஆய்வக ஊழியரும் ஒரே கோட்டில் நின்று, தம் தம் தோளுக்கு இசைந்த வில்லை இழுத்து, அம்பு தைக்கும் ஓசை கேட்டு மகிழ்ந்தால், அதுவே அத்திடலின் பயன். அடுத்த ஆண்டு விளையாட்டுத்துறைக் கொள்முதல் பட்டியல் வரும்போது ஆசிரியர் மன்றங்களும் மாணவர் அமைப்புகளும் அதில் இந்த ஆறு மெல்லிய வில்களைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தட்டும்.